எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மாவுக்கு ஸ்பான்சராக இருக்க எனக்குத் தகுதி உண்டு என்று குடிவரவுத் துறை ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை. காகிதங்களை ஒழுங்காகக் கொடுத்தால் காரியம் ஒழுங்காக நடக்கும். நடக்கவில்லை என்று அடிலெய்டு தமிழ்ச் சங்கத்தில் புலம்புகிறவர்களில் பாதிப் பேர் காகிதங்களை ஒழுங்காகக் கொடுக்காதவர்கள்.

காலையில் துணிகளைக் காயப்போட்டுவிட்டு அம்மாவின் விண்ணப்பத்தோடு உட்கார்ந்தேன். பெற்றோருக்கான தற்காலிக விசா. மூன்று வருடம் இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது, முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பாளையங்கோட்டை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். தங்கை எமிமா பெருமாள்புரத்தில் இருப்பதால் இதுவரை எனக்குப் பெரிய கவலை இல்லை. அவள் கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்திருக்கிறது. ஜூனில் போபால் போகிறார்கள். அதன் பிறகு அம்மாவுக்கு அருகில் ஆள் கிடையாது.

உடல்நலப் பகுதியில் வரிசையாகக் கேள்விகள். காசநோய் வந்ததுண்டா, காசநோய் உள்ளவரோடு வசித்ததுண்டா, இதயம், சிறுநீரகம், மனநலம். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

எட்வின் காப்பியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அத்தைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்லா?”

“எதை? அவங்களப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?”

மனைவியோடு வாதாடாத தூத்துக்குடிக்காரர். காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். மாலைக்குள் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மாவிடம் விவரம் சொன்னேன்.

“அங்க வந்து நான் என்னத்த செய்ய? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவிய.”

“ஓய்வா இருக்கலாம்மா.”

“ஓய்வா இருக்கத்தான் கல்லறைத் தோட்டத்துல உங்க அப்பா பக்கத்துல எடம் கெடக்கே.”

“வரமாட்டேன்னு சொல்லுதீங்களா?”

“எப்ப சொன்னேன்? மாங்கா ஊறுகாய உள்ள விடுவானான்னு கேட்டு வையி.”

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் அம்மாவும் நீளமாகப் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல. எமிமா அம்மாவை ‘நீ’ என்பாள், நான் ‘நீங்க’. இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மூத்த பிள்ளைகள் பொதுவாக அப்படித்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

சென்னையில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது. எமிமா கூட்டிப்போனாள். அம்மா நர்சிடம், “என்னைய ஆஸ்திரேலியாவுல ராணுவத்துல சேக்கப் போறாகளா?” என்று கேட்டாராம். ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை இல்லை. நெல்லை எக்ஸ்பிரசில் திரும்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கான அறைக்கு வெளிர்மஞ்சள் வண்ணம் வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

எமிமா அழைத்தாள். “அக்கா, எக்ஸ்ரேல நெஞ்சுக்கு மேல் பக்கம் பழைய தழும்பு மாதிரி என்னமோ தெரியுதாம். முன்னால டிபி வந்துருக்கான்னு டாக்டர் ஃபோன் போட்டுக் கேட்டாரு. அம்மா இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டா. எங்கிட்டகூட, சின்ன வயசுல நிமோனியா வந்துச்சு, அதுவா இருக்கும்னா.”

“அப்ப நிமோனியாதான்.”

“சளி எடுத்துக் குடுக்கணுமாம். அத வளத்துப் பாத்து முடிவு சொல்ல ரெண்டு மாசம் ஆவுமாம்.”

ஆகட்டும். எக்ஸ்ரே படிப்பவர்கள் பிழை செய்வது புதிதல்ல. முடிவு சுத்தமாக வரும், தாமதம் மட்டும்தான். சுவருக்கு முதல் பூச்சு அடித்தாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

எமிமாவின் மகள் ஷெரினுக்குச் சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை ஜெபின், நாகர்கோவில். அவன் அம்மா கிளாரா, பள்ளியில் கணக்கு டீச்சர். இப்போது லெந்து நோன்பு நாட்கள் என்பதால் ஈஸ்டருக்குப் பிறகுதான் எல்லாம். மே 15 கல்யாணம்.

“டீச்சர் கேட்ட கேள்வி இருக்கே! குடும்பத்துல சுகர் உண்டா, ஆஸ்துமா உண்டா, மூள கொழம்பினவங்க உண்டா. ஒன் விசா ஃபாரம் தோத்துரும்க்கா.”

“நீ என்ன சொன்ன?”

“நான் வாயத் தொறக்கதுக்குள்ள அம்மாவே சொல்லிட்டா. எங்க குடும்பத்துல தலைவலிகூட கெடையாதுன்னு.”

கல்யாணத்துக்கு வருவாயா என்றாள். எனக்கு இந்த ஆண்டு ஒரு நீண்ட விடுப்புதான் கிடைக்கும். அதை அம்மாவை அழைத்துவரப் பயன்படுத்துவதே அறிவு என்று விளக்கினேன். “சரிக்கா” என்றாள். அந்தச் ‘சரி’ நன்றாக இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

அறைக்கு இரண்டாம் பூச்சு அடித்தேன். முதல் பூச்சில் குறை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

துறையிலிருந்து கடிதம். எக்ஸ்ரேயில் தெரிவது காசநோய் வந்து ஆறிய தழும்பு என்று அவர்களுடைய மருத்துவர் கருதுகிறார். விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. நோய் வந்து குணமானது விசாவுக்குத் தடையல்ல. பொய்த் தகவல் தடை. அப்படி முடிவானால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். பிறகு மூன்று வருடத்துக்கு வேறு விசாவும் கேட்க முடியாது. மே 8க்குள் விண்ணப்பதாரர் தாமே கையெழுத்திட்டு விளக்கம் தர வேண்டும்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று வருடம் கழித்து மறுபடி முதலிலிருந்து என்றால் அதை யாரும் விண்ணப்பம் என்று சொல்லமாட்டார்கள், குருட்டு நம்பிக்கை என்பார்கள். எமிமா போபாலிலும் நான் இங்கேயும் இருக்க, பாளையங்கோட்டையில் அம்மா மட்டும் இருப்பார்.

எட்வினிடம் கடிதத்தைக் காட்டினேன். முழுதும் வாசித்தார். “அத்தைகிட்ட அன்னைக்கே...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து, “சாம்பார் சூடு பண்ணட்டா?” என்று முடித்தார்.

ஏப்ரல் 12, சனி

அழைத்தேன்.

“அம்மா, உங்களுக்கு எப்பவாவது டிபி வந்துச்சா?”

“நிமோனியா.”

“எந்த வருஷம்?”

“சின்ன வயசுல.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“நீ என்ன போலீசா? வையி, பால்காரன் வந்துட்டான்.”

பாளையங்கோட்டையில் அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் எந்தப் பால்காரரும் வருவதில்லை.

என் வேலை நிலத்தடி நீர். ஒரு கிணற்றின் அளவீடுகளில் எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் நாங்கள் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்போம். அம்மாவின் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து அப்படி ஓர் இடம்தான் உண்டு. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என்னை நாசரேத்தில் அத்தை வீட்டில் விட்டார்கள். மூன்று வயது எமிமாவைச் சாத்தான்குளத்தில் சித்தி வீட்டில். அம்மா சென்னையில் ஆசிரியப் பயிற்சி படிக்கிறார் என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு தடவையும் பார்க்க வரவில்லை. படிப்பில் அவ்வளவு ஆர்வம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் ஆர்வமாகப் படித்தேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்த அம்மா ஒரு நாளும் பள்ளிக்கூட வேலைக்குப் போனதில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘குடும்பத் தலைவி’ என்று பிப்ரவரியில் நானே எழுதினேன். எழுதும்போதுகூடத் தோன்றவில்லை. கையில் இருக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன்: ‘நான் நாசரேத்தில் இருந்தபோது நீங்கள் சென்னையிலா இருந்தீர்கள்?’ இன்று மதியம் வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் வந்திருந்தது. சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“பியூலா, மொட்டமாடில நின்னு பேசுதேன். வத்தல் காயப்போட வந்தேன். எமிமா கல்யாணக் கார்டோட கீழ உக்காந்துருக்கா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ கேட்டது சரிதான். சென்னையும் இல்ல, டிரெயினிங்கும் இல்ல. மதுரப் பக்கம் ஆஸ்பத்திரில கெடந்தேன். ரெண்டும் பொம்பளப் பிள்ளயா இருக்கு, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து எடுப்பான்னு உங்க அப்பாதான் டிரெயினிங்னு சொல்லி வச்சாக. நாசரேத் அத்தைக்கு மட்டும் தெரியும், அவளும் போய்ச் சேந்துட்டா. நான் திரும்பி வந்தபெறவு ரெண்டு வருஷம் பிள்ளைகளக் கிட்ட சேக்காதன்னு சொன்னா. டாக்டர் அப்படிச் சொல்லல, அவதான் சொன்னா. நான் பயந்துட்டேன். நீ ஒட்டி ஒட்டி வருவ. நான் வெரட்டுவேன். நீ அழவும் மாட்ட, போயி ஒரு பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு உக்காருவ. ரெண்டு வருஷம் ஆச்சு. எமிமா சின்னவ, ஓடி வந்து மடில ஏறிக்கிட்டா. நீ ஏறல. உன்ன எப்படிக் கூப்பிடன்னு எனக்குத் தெரியல. பெறவு நீ பெரிய கிளாசுக்குப் போயிட்ட. சரி, காக்கா வத்தல்ல உக்காருது. வைக்கேன்.”

ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது. உறுதி செய்துகொள்ள மறுபடியும் கேட்டேன். மருந்தின் பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி எதுவும் இல்லை. துறைக்கு இது போதாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அலுவலகம் போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 19, சனி

அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

“கல்யாணம் முடியட்டும். மே பதினாறாம் தேதி எதுல வேணும்னாலும் போடுதேன்.”

“எட்டாம் தேதிக்குள்ள கொடுக்கணும்மா. தள்ளிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க.”

“அப்ப விடு. விசா போவட்டும்.”

“இந்த ஆபீசுக்கும் நாகர்கோவிலுக்கும் என்னம்மா சம்பந்தம்? இங்க உள்ளவங்க கிளாரா டீச்சருக்கு ஃபோன் போடவா போறாங்க?”

“எழுதிக் குடுத்தது எங்க போகும்னு யாருக்குத் தெரியும்? அங்க உள்ள தமிழாள் ஒருத்தன் வாசிப்பான். அவனுக்கு மார்த்தாண்டத்துல ஒரு மச்சினி இருப்பா. நாப்பது வருஷம் நான் வாயக் கட்டி வச்சதெல்லாம் உங்க ரெண்டு பேருக்காவ. இப்ப இவளுக்காவ இன்னும் ஒரு மாசம் கட்ட மாட்டனா?”

“இது பரம்பரையா வர்ற நோய் இல்லம்மா. குணமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு.”

“அத நீ என்கிட்ட சொல்லுத. நாலு பேருகிட்ட சொல்லிப் பாரு.”

மதிய வெயிலில் பின்புறக் களையெல்லாம் பிடுங்கினேன். நாளை ஈஸ்டர். எட்வின் மட்டும் கோயிலுக்குப் போவார்.

அம்மா பேசியதில் ஓட்டை எங்கே என்று யோசித்தேன். மார்த்தாண்டத்து மச்சினிகூட நடக்கக்கூடியதுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று முதல் ஓலை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனை நடுவே ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று பாதிரியார் சபையைப் பார்த்துக் கேட்பார். எழுந்து பதில் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சடங்குகளில் கேட்கப்படும் கேள்விகள் பதிலை எதிர்பார்ப்பவை அல்ல.

எமிமா சந்தோஷமாகப் பேசினாள். மார்ச் மாத ‘சரி’யை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. “ஷெரின் பேர வாசிக்கும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுக்கா. அம்மாவுக்குத்தான் என்னமோ வேத்துக் கொட்டிருச்சு. ஃபேனுக்குக் கீழ மாத்தி உக்கார வச்சேன்.”

பாளையங்கோட்டையில் ஏப்ரலில் எல்லாருக்கும் வேர்க்கும் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

அம்மாவே அழைத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“எங்க இருக்கீங்க?”

“வடசேரி பஸ் ஸ்டாண்டுல.”

“நாகர்கோவிலா? யாரு கூட?”

“யாரு கூட? என் கூட. டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன். சொல்லிட்டேன்.”

ஃபோனின் ஒலியைக் கூட்டினேன்.

“கேக்குதா? சொல்லிட்டேன்ட்டி. தடை உண்டான்னு பாதிரியார் கேக்கும்போது என்னையவே பாத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த ஞாயிறும் கேப்பாரு, அதுக்கடுத்த ஞாயிறும் கேப்பாரு. எனக்கு எத்தன தடவ வேத்துக் கொட்ட?”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“காப்பி குடுத்தா, குடிச்சேன். ‘நீங்க சொல்லலன்னா எங்களுக்கு யாரு சொல்லப்போறா, இத ஏன் இப்ப சொல்லுதிய’ன்னு கேட்டா. யாரும் சொல்ல மாட்டாகன்னுதான் நான் சொல்லுதேன்னேன். வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்னா. வாசல் வர வந்து வழியனுப்பினா. ஆனா போயிட்டு வாங்கன்னு சொல்லல. போங்கன்னா.”

“எமிமாவுக்குத் தெரியுமா?”

“நீ சொல்லு.”

“நானா?”

“நீதான பெரிய படிப்பு படிச்சவ. பஸ் வந்துட்டு, வைக்கேன்.”

இந்த முறை பஸ் உண்மையாகவே வந்தது. நடத்துனர் “திர்னேலி, திர்னேலி” என்று கூவியது எனக்குக் கேட்டது.

மே 1, வியாழன்

எமிமாவிடம் சொன்னேன். வரிசையாக, விளக்கமாக. குறுக்கிடாமல் கேட்டாள். அது நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

“ஒனக்கு ஒரு விசா வேணும். அதுக்கு என் பிள்ளைய எடுத்துக் குடுத்துட்டிய ரெண்டு பேரும்.”

“விசா எனக்கில்ல. அம்மாவுக்கு.”

“அம்மா உங்கிட்ட கேட்டாளா? அவ எங்கூட போபால் வருவா. இல்ல, இங்கயே இருப்பா. கல்யாணத்துக்கு வர லீவு கெடையாது, இதுக்கு மட்டும் எல்லாம் உண்டு. இத்தன வருஷம் இது தெரியாம நாம நல்லாத்தான இருந்தோம்!”

‘நீ நல்லா இருந்த’ என்று நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. காசநோய் பரம்பரை நோயல்ல என்பதை மட்டும் மறுபடி சொன்னேன். வைத்துவிட்டாள்.

மே 3, சனி

நாகர்கோவிலிலிருந்து பதில் வந்துவிட்டது. ஷெரின் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டட்டும் என்கிறார்கள். செய்தியைச் சொல்ல ஷெரினே அழைத்தாள்.

“பெரியம்மா, எடுக்கேன்னு சொல்லிட்டேன்.”

“நீ எடுக்க வேண்டிய அவசியமே இல்ல ஷெரின். மருத்துவ ரீதியா பார்த்தா...”

“இருங்க. ஜெபினும் எடுக்கணும்னு சொல்லிட்டேன். அவங்க வீட்டு ஆளுங்க நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரிய வேண்டாமா?”

“அவன் என்ன சொன்னான்?”

“சிரிக்கான். ரெண்டையும் கல்யாண ஆல்பத்துல மொதப் பக்கத்துல ஒட்டிருவோம்ங்கான். எங்க அம்மாதான் ரூமுக்குள்ள அழுதுகிட்டு கெடக்கா. ஆச்சி கல்யாணப் பலகாரத்துக்கு நெய்விளங்கா உருட்டுதா.”

இந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. இந்தத் தைரியம் எங்கள் வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். போன புதன்கிழமை வரை எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

மே 5, திங்கள்

இரண்டு படமும் சுத்தம். இரண்டாம் ஓலையும் நேற்று வாசித்தாயிற்று. கிளாரா டீச்சர் அம்மாவை அழைத்து நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், “அத்தை, சேல எடுக்க நீங்களும் கட்டாயம் வரணும்” என்றாராம்.

சென்னையிலிருந்து அம்மாவின் சளிப் பரிசோதனை முடிவும் வந்தது. கிருமி இல்லை. நான் பிப்ரவரியிலேயே சொன்னேன்.

மே 6, செவ்வாய்

அம்மா விளக்கத்தைத் தமிழில் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. மெல்போர்னில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்திருந்தேன். அனுப்புவதற்கு முன் வாசித்தேன்.

‘ஐயா, பாளையங்கோட்டை நேசரத்தினம் எழுதிக்கொள்வது. எனக்கு முப்பத்திரண்டாம் வயதில் காசநோய் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து சுகமாகித் திரும்பினேன். அதற்குப் பிறகு கர்த்தருடைய கிருபையால் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதங்களை என் கணவர் எரித்துவிட்டார். விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதியது என் மூத்த மகள். அவளுக்கு இது தெரியாது. அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.’

கடைசி வாக்கியம் வேண்டாம் என்று சொல்ல அழைத்தேன்.

“உண்மையா இல்லியா?” என்றார் அம்மா.

“உண்மைதான். ஆனா அவங்க அதக் கேக்கல. நாமளா சொன்னா நமக்கு எதிராப் போகும். பொய் சொல்லத் தயாரா இருந்தேன்னு நீங்களே எழுதிக் குடுக்கிற மாதிரி.”

“இருந்தேன்லா?”

“அம்மா.”

“பூரா உண்மையும் எழுதணும்னு சொன்னது நீ. இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ பூராவும் எழுதியிருக்கேன். அதுலயும் வால வெட்டச் சொல்லுதியே. வெட்டணும்னா மொத்தத்தையும் கிழிச்சுப் போடு. நான் பாளையங்கோட்டையிலயே இருக்கேன்.”

“விசா கெடைக்காமப் போனா?”

“கெடைக்காமப் போவட்டும். சொன்னதுக்கு அப்புறமும் வான்னு சொல்லுத வீட்டுக்குத்தான் நான் வருவேன்.”

அவர் சொன்னது துறையைப் பற்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாக்கியம் இருந்தால் தள்ளுபடியாகும் வாய்ப்பு கூடும் என்பது என் கணிப்பு. என் கணிப்புகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். எட்வின் சோபாவில் இருந்தபடி, “எழுதினது அத்தை. கையெழுத்தும் அத்தையோடது” என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான கருத்து.

முழுதாக அனுப்பினேன். கூடவே, படிவத்தை அம்மாவைக் கேட்காமல் நிரப்பியது நான்தான் என்று என் பங்குக்கு ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். அதைச் சுருக்கிப் பார்த்தேன், சுருங்கவில்லை.

மே 15, வியாழன்

கல்யாணத்தை யூடியூப் நேரலையில் பார்த்தோம். ஷெரின் மேடையில் எதற்கோ சிரித்து, பாதிரியார் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அம்மா அரக்குப் பட்டில் முன்வரிசையில் இருந்தார், கிளாரா டீச்சருக்குப் பக்கத்தில். எமிமா ஒரு முறைகூடக் கேமராப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. வார்த்தை எதுவும் இல்லை. வாழையிலையில் பிரியாணி, மேலே முழு முட்டை. பிரியாணியில் முட்டை இல்லாவிட்டால் சின்ன வயதில் நான் சண்டை போடுவேன் என்பதை எமிமா இன்னும் நினைவில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

விசா கிடைத்துவிட்டது. மூன்று வருடம்.

அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே மின்னஞ்சல் வந்தது. ஏதோ ஒரு அணையின் கசிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து அழைத்தேன்.

“வந்துட்டா? சரி” என்றார் அம்மா. பிறகு, “அந்தக் கடைசி வரிய அனுப்பினியா?”

“அனுப்பினேன்.”

“ம்.”

“மூணு வருஷம் இருக்கலாம்மா. முடிஞ்சதும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.”

“அப்ப என்னையக் கேட்டு எழுது.”

கூட்டத்துக்குத் திரும்பினேன். கசிவு பற்றி என் கருத்து கேட்டார்கள். திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

ஜூலை 5, சனி

போன வாரம் பாளையங்கோட்டை போய், இன்று அம்மாவோடு வந்து சேர்ந்தேன். எமிமா போபாலிலிருந்து வீடியோவில் வந்து, அம்மாவின் சத்து மாத்திரை நேரங்களை எனக்கு ஒப்பித்தாள். பேச்சு இன்னும் கொஞ்சம் விறைப்புதான், ஆனால் நீளம்.

விமான நிலையத்தில் அம்மா என்னிடம், “பெட்டில உள்ளது ஒண்ணு விடாம சொல்லிரு” என்றார். ஊறுகாய், வத்தல், கருப்பட்டி எல்லாவற்றையும் அறிவித்தோம். அதிகாரி ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். வத்தலை எடுத்துக்கொண்டார். “அவன் வீட்டுலயும் சோறு உண்டும்லா” என்றார் அம்மா.

அறையின் மஞ்சள் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “பரவால்ல. ஆஸ்பத்திரி வெள்ள அடிக்காம விட்டியே.”

ஜூலை 19, சனி

அம்மாவுக்கு ஜலதோஷம். இங்கே குளிர் உச்சத்தில் இருக்கிறது, எனக்கும் எட்வினுக்கும் போன வாரம் வந்து போனதுதான். காலையில் எழுந்து பார்த்தால் அறையில் ஆள் இல்லை. பின்கதவு சாத்தியிருந்தது. பின்வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எட்வினின் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, வேலியைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்கம்மா. என்ன குளிர் இது!”

“நீ கதவச் சாத்து. கஞ்சி வச்சா படில வச்சுட்டுப் போ, எடுத்துக்கிடுதேன்.”

“இது வெறும் ஜலதோஷம். உங்க நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு ஆஸ்திரேலிய அரசாங்கமே எழுதிக் குடுத்தாச்சு.”

“அரசாங்கம் என் கூடயா படுத்து எந்திரிக்கு? போ உள்ள.”

உள்ளே போனேன். கஞ்சி காய்ச்சினேன். தேங்காய்த் துவையல் அரைத்தேன். இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒரு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நாற்காலியோடு ஒரு முழம் தள்ளிப் போனார். நானும் நாற்காலியோடு ஒரு முழம் நகர்ந்தேன்.

“ஏட்டி, ஒட்டிக்கிடும்.”

“ஒட்டட்டும்.”

மறுபடி நகர்ந்தார். மறுபடி நகர்ந்தேன். சன்னலில் எட்வின் தெரிந்தார், எங்களைப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். அம்மா கஞ்சி சிந்தாமல் இன்னொரு முறை தள்ளினார். நாற்காலி மழைநீர்த் தொட்டியில் முட்டி நின்றது.

அதற்கு மேல் நகர இடமில்லை. கஞ்சி குடித்தோம்.